குண்டின் வழியை அளந்த கணிதர் பெஞ்சமின் றொபின்ஸ்

ஊர்காவற்றுறைக் கரையிலே நின்று காரைநகர்ப் பக்கமாக நோக்குவோர், இரு கரைக்கும் இடையே நீரின் நடுவிலிருந்து எழுந்தாற்போல நிற்கும் கடற்கோட்டையைக் காணாதிரார். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டையை ஒல்லாந்தர் 1658-ஆம் ஆண்டிலே கைப்பற்றினர். நெடுந்தீவிலும் ஒரு பழைய கோட்டை சிதைந்து கிடக்கின்றது. பீரங்கியும் துவக்கும் இக்கடலுக்கு வந்த நாள்தொட்டு எமது தீவுகளின் கதையிற் பெரும்பகுதி அவற்றின் வாயினாலேயே எழுதப்பட்டதென்றால் மிகையாகாது. ஆயினும், துவக்கின் வாயிலிருந்து புறப்படும் குண்டு எத்தனை வேகமாய்ச் செல்கின்றது, நேரே குறிபார்த்துச் சுட்ட குண்டு இடையிலே வழிவிலகுவது எதனால் என்று அந்நாளிலே கேட்டிருந்தால், அக்கோட்டைகளைக் கட்டியவரும் விடை சொல்லியிரார், காத்தவரும் சொல்லியிரார், பிடித்தவரும் சொல்லியிரார்.

அவ்விரு வினாக்களுக்கும் முதன்முதலாக அளந்து விடைகண்டவர் பெஞ்சமின் றொபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணிதர். ஐரோப்பாவிலே பெரும்புகழ் பெற்ற அவர் உயிர் நீத்தது எங்கே என்று கேட்டால் பலர் வியப்படைவர். தமிழ்நாட்டிலே, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திலே, 1751-ஆம் ஆண்டிலே அவர் இறந்தார். எமது முன்னோரின் தோணிகள் போய்வந்த அதே சோழமண்டலக் கரைதான்.

இவ்வாண்டு மலருக்கு இவருடைய வரலாற்றை எழுதப்போகின்றோம் என்று யாம் சொன்னபோது எம்மிற் சிலர் முகஞ் சுளித்தனர். அச்சுளிப்பிலே நியாயம் உண்டு. துவக்கு என்ன செய்யும் என்பதை இத்தீவுகளிற் பிறந்தவர்க்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டுவரை வெடியோசையைக் கேட்டே வளர்ந்த தலைமுறை எம்முடையது. கொல்லுங் கருவியைக் கூர்மைப்படுத்திய ஒருவரை இளைஞர் மலரிலே வைத்துப் போற்றுவதா என்ற வினாவை யாம் ஒளிக்கவில்லை. அவ்வினாவோடுதான் இவ்வரலாற்றைச் சொல்ல முற்படுகின்றோம். ஏனெனில் றொபின்சின் பிறப்பே அவ்வினாவிலிருந்து தொடங்குகின்றது.

1707-ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் பாத் நகரிலே, குவேக்கர் என்னுங் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த எளிய குடும்பமொன்றிலே அவர் பிறந்தார். குவேக்கர் படைக்கலம் ஏந்தார், போருக்குப் போகார், ஆடம்பர உடையும் அணியார். கொல்லாமையை இத்தனை உறுதியாய்க் கடைப்பிடித்த குடும்பத்திலேதான் பிற்காலத்திற் பீரங்கிக்கலையின் தந்தையெனப் போற்றப்பட்டவர் தோன்றினார். விதியின் விளையாட்டென்று சொல்லி இதனைக் கடந்துபோவது எளிது. யாம் அவ்வாறு கடக்க விரும்பவில்லை.

பள்ளிப்படிப்பு அவருக்குப் பெரிதாய் வாய்க்கவில்லை. கணிதத்தைத் தாமே தேடிக் கற்றார். அவர் எழுதிய தாளொன்று இலண்டனிலிருந்த பெம்பற்றன் என்னும் அறிஞரிடம் சென்றது. நியூற்றனுடைய பெருநூலின் மூன்றாம் பதிப்பை, நியூற்றன் உயிரோடிருந்தபோதே, 1726-இல் அச்சேற்றி வெளியிட உதவியவர் அந்தப் பெம்பற்றன்தான். அவர் சில கடினமான கணக்குகளை அனுப்பி இளைஞரைச் சோதித்தார். விடைகள் வந்தன, பெம்பற்றன் வியந்தார், இளைஞர் இலண்டனுக்குப் புறப்பட்டார். 1727-ஆம் ஆண்டிலே, இருபது வயதளவிலே, றோயற் சங்கம் அவரைத் தன் அங்கத்தவராக ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டிலே, ஐரோப்பாவே அஞ்சி மதித்த யோகான் பேர்ணூலி என்னும் மூத்த கணிதரின் கருத்தொன்றை எடுத்து மறுத்தார். 1735-இலே நியூற்றனின் நுண்கணிதத்தைப் பழித்தெழுதிய பேர்க்கிலி என்னும் குருவுக்கு எதிராக ஒரு நூலெழுதினார்.

இலண்டன் வாழ்க்கையிலே குவேக்கர் உடையைக் களைந்தார். தனித்தனி மாணவர்க்குக் கணிதம் படிப்பித்து வயிறு வளர்த்தார். வெறுங் கணக்கிலே அவர் மனம் நிற்கவில்லை. பாலம், துறைமுகம், வடிகால், கோட்டை என்று கைவேலையிலே முடியும் அறிவை நாடினார். கோட்டைகளை நேரிற் பார்ப்பதற்காகப் பிளாண்டர்சு நாட்டுக்குப் பயணஞ் செய்தார். அரசியலிலும் புகுந்தார். முதன்மந்திரி வால்போலை எதிர்த்துத் துண்டுநூல்கள் எழுதினார்; 1742-இலே வால்போலின் ஆட்சியை ஆராயப் பாராளுமன்றம் அமைத்த இரகசியக் குழுவுக்குச் செயலாளராகவும் இருந்தார்.

1741-ஆம் ஆண்டிலே ஊலிச்சு என்னுமிடத்திலே பீரங்கிப் படையினருக்காக ஓர் இராணுவக் கல்லூரி நிறுவப்பட்டது. அங்கே கோட்டைக்கலை ஆசிரியர் பதவியை றொபின்ஸ் விரும்பினார். அது அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய அரசியலே காரணமென்பர். கிடையாத பதவிக்காக அழுதுகொண்டிருப்பவர் நம்மிடையே பலர். றொபின்ஸ், தாம் அங்கே என்ன படிப்பித்திருப்பாரோ அதனை உலகறிய எழுதிவிட்டார். 1742-இலே வெளிவந்த அந்நூலின் பெயரைத் தமிழிற் சொன்னால் பீரங்கிக்கலையின் புதிய தத்துவங்கள் எனலாம். மெல்லிய நூல்தான். ஆயினும் அதற்கு முன்னிருந்த பீரங்கி நூல்கள் யாவும் அன்றே பழையனவாயின.

அந்நூல் என்ன செய்தது என்பதை விளங்கிக்கொள்ள, அந்நாளைய துவக்கை வாசகர் மனக்கண்முன் கொண்டுவரல் வேண்டும். வன்னியிலே பன்றிக்காவலுக்கு வைத்திருந்த இடியன் துவக்கைப் பார்த்த முதியோர் எம்மிடையே இன்னும் உளர். அதுவே அதன் வழிவந்த பிள்ளை. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றையும் ஏறக்குறைய 75, 15, 10 என்ற விகிதத்திற் கலந்து அரைத்தது கரிமருந்து. அம்மருந்தைக் குழலின் வாய்வழியே உள்ளே இடவேண்டும். அதன்மேலே தக்கை, அதன்மேலே ஈயக்குண்டு. பின்பு நீண்ட கோலினால் இடித்து இறுக்கவேண்டும். இடித்து இறுக்குவதனாலேதான் இடியன் என்ற பெயர் வந்தது. றொபின்ஸ் காலத்துத் துவக்கிலே குதிரையின் வாயிற் பொருத்திய சக்கிமுக்கிக்கல் உருக்கிலே மோதித் தீப்பொறி உதிர்க்கும், பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்து மருந்து பற்றும், அத்தீ காதுத்துளைவழியே உள்ளே பாயும், துவக்கு வெடிக்கும். ஈரக்காற்றடிக்கும் நாளிலே இவற்றில் ஒன்று தவறினாலும் வெடிக்காது.

படைவீரனுக்கு வேகம் வேண்டும். எனவே குழலின் விட்டத்திலுஞ் சற்றுச் சிறிய குண்டையே கொடுத்தார்கள். அது தடையின்றி உள்ளே உருண்டுவிடும். நிமிடத்துக்கு இரண்டு மூன்று வெடி தீர்க்கலாம். ஆனால் தளர்ந்த குண்டு குழலுக்குள்ளே அங்குமிங்கும் மோதிக்கொண்டே வெளியேறும். 100 கெசத்துக்கு அப்பால் நிற்கும் ஒருவனைக் குறிபார்த்து அடிப்பது பெரும்பாலும் அதிட்டத்தின் வேலையாகவே இருந்தது. ஆதலாற்றான் அக்காலப் படைகள் குறிபாராமல், வரிசையாய் நின்று ஒரே நேரத்திற் சுட்டன.

குண்டின் வேகத்தை அளக்க றொபின்ஸ் கண்ட கருவி மிக எளிது. உறுதியான முக்காலியிலே ஓர் ஊசலைத் தொங்கவிட்டார். அதன் அடியிலே இரும்புத்தகடும், அதன்முகத்திலே தடித்த மரப்பலகையும். மொத்தப் பாரம் ஏறக்குறைய 56 இறாத்தல். மரத்தை நோக்கிச் சுட்டால் குண்டு அதனுட் புதைந்து தங்கும். ஊசல் பின்னே ஆடும். ஊசலோடு கட்டிய நாடா எவ்வளவு இழுபட்டதென்று பார்த்தால் எவ்வளவு தூரம் ஆடியதென்பது தெரியும். சிறு குண்டின் பெருவேகம் பெரும் பாரத்தின் சிறுவேகமாய் மாறிவிட்டது; பார விகிதந் தெரிந்தால் மற்றது கணக்கு. கண்ணிமைக்கு முன் மறையும் ஒன்றைக் கண்ணாற் பார்த்து அளக்கத்தக்க மெல்லிய அசைவாக மாற்றிய இந்த உபாயத்தை நினைக்குந்தோறும் எமக்கு மகிழ்ச்சி உண்டாகின்றது. இதற்குப் பெருஞ் செல்வம் வேண்டியதில்லை. எமது பள்ளிக்கூடமொன்றின் விஞ்ஞானக்கூடத்திலே ஈயக்குண்டுக்குப் பதிலாக ஒரு களிமண் உருண்டையை எறிந்தும் இதனைச் செய்துகாட்டலாம்.

முக்கால் அங்குல விட்டமுள்ள துவக்குக்குண்டு செக்கனுக்கு ஏறக்குறைய 1,700 அடி வேகத்திலே புறப்படுகின்றதென்று அவர் கண்டார். அதைவிட வியப்பானது அடுத்த முடிபு. காற்று மெல்லியது, ஈயமோ கனத்தது, ஆகவே காற்றின் தடையைக் கணக்கிலெடுக்க வேண்டாமென்றே பீரங்கியாளர் அதுவரை நம்பியிருந்தனர். கலிலியோ சொன்ன வளைகோட்டின்படி, 1,700 அடி வேகத்திலே 45 பாகைச் சரிவிற் சுட்ட குண்டு 17 மைல் போகவேண்டும். உண்மையிலோ அரை மைல் அளவுக்குள் விழுந்துவிடுகின்றது என்று றொபின்ஸ் எடுத்துக்காட்டினார். ஊர்காவற்றுறையிலே சுட்ட குண்டு யாழ்ப்பாணப் பட்டினத்தையுங் கடந்து விழவேண்டிய கணக்கு, உண்மையிலே துறைமுகத்தையுங் கடவாமல் முடிகின்றது! மற்றதெல்லாவற்றையும் விழுங்கியது காற்று. 24 இறாத்தற் பீரங்கிக்குண்டை முழு மருந்திலே சுட்டால், அதனை எதிர்க்குங் காற்றின் விசை அக்குண்டின் பாரத்திலும் இருபது மடங்குக்கு மேற்பட்டதென்றும், ஒலியின் வேகத்தை அண்மிக்கும்போது அத்தடை திடீரென மிகுகின்றதென்றும் அவர் கண்டார். ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானங்களைச் செய்தோர் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எதிர்ப்பட்ட தடையை, மரப்பலகை ஊசலொன்றினால் அவர் முன்னரே தொட்டுவிட்டார்.

இனி இரண்டாவது வினா. குண்டு ஏன் விலகுகின்றது? காற்றடிப்பதனால் என்றனர் சிலர். குழல் நேரில்லை என்றனர் சிலர். றொபின்ஸ் துவக்கை அசையாதபடி பொருத்திவைத்து, ஒன்றன்பின் ஒன்றாக மெல்லிய கடதாசித் திரைகளை நிறுத்திச் சுட்டார். திரைகளில் விழுந்த துளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது குண்டின் பாதை தெரிந்தது. அது நேர்க்கோடன்று, ஒருபுறம் வளைந்து சென்றது. ஒருமுறை வலம், ஒருமுறை இடம், ஒருமுறை மேல். காரணம் குண்டின் சுழற்சி என்று அவர் உய்த்துணர்ந்தார். குழலிலே எந்தப் பக்கம் கடைசியாய் உரசுகின்றதோ அதற்கேற்பக் குண்டு சுழல்கின்றது. சுழலும் பந்தின் ஒருபுறம் காற்றை எதிர்த்து ஓடுகின்றது, மறுபுறம் காற்றோடு ஓடுகின்றது; எதிர்த்தோடும் பக்கத்திலே தடை மிகுவதால் பந்து மறுபக்கம் தள்ளப்படுகின்றது.

இதனை நம்பாதவர்களுக்காக அவர் செய்த சோதனை மிகச் சுவையானது. ஒரு துவக்குக் குழலின் நுனியைச் சற்றே இடப்புறமாய் வளைத்தார். வளைந்த குழலிற் சுட்ட குண்டு இடப்புறமே போகும் என்று யாவரும் எண்ணினர். முதலிலே இடப்புறமே சென்றது. முதற்றிரைகள் அதற்குச் சாட்சி. ஆனால் வளைந்த குழலிலே குண்டு வலப்பக்கச் சுவரை உரசிக்கொண்டே உருண்டதால் ஒரு குறித்த சுழற்சியைப் பெற்றிருந்தது. அச்சுழற்சி அதனைத் திருப்பியது. தூரத்துச் சுவரிலே குண்டு பட்ட இடம் வலப்புறம்! குழலை இடப்புறம் வளைத்துக் குண்டை வலப்புறம் அனுப்பியவர் உலகிலே இவர் ஒருவரே போலும். கிரிக்கெற்று விளையாடும் எமது இளைஞர், சுழற்பந்து காற்றிலே ஒருபுறமாய் மிதந்து விலகுவதைக் கண்டிருப்பர். அதுவும் இதுவும் ஒன்றே. 1852-ஆம் ஆண்டிலே ஜேர்மனியரான மக்னசு என்பவர் இதனை ஆராய்ந்தமையால் அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது; நூறு ஆண்டுக்கு முன்னே கண்டவரின் பெயரைச் சொல்வோர் சிலரே.

நோயை அறிந்தவர் மருந்தையும் அறிந்தார். ஜேர்மனியிலும் சுவிற்சலாந்திலும் வேட்டைக்காரர் நெடுங்காலமாய் வரித்துவக்கு வைத்திருந்தனர். குழலின் உட்புறத்திலே திருகாணிபோல வளைந்தோடும் வரிகளை வெட்டிய துவக்கு அது. குறி தப்பாதென்பது அனுபவம். ஏன் தப்பாதென்பதற்கு அவரவர் வாயில் வந்த காரணம். குண்டு காற்றைத் துளையிட்டுச் செல்கின்றது என்றுகூடச் சொன்னார்கள். உண்மைக் காரணத்தை 1747-ஆம் ஆண்டிலே றோயற் சங்கத்தின் முன் றொபின்ஸ் விளக்கினார். வரிகள் குண்டை அது செல்லுந் திசையையே அச்சாகக் கொண்டு சுழலச் செய்கின்றன. அப்போது முன்முகம் எப்போதும் முன்முகமாகவே இருக்கின்றது. சுற்றிலும் தடை சமமாகின்றது. ஒருபுறந் தள்ளுவதற்குக் காரணம் இல்லாமற்போகின்றது. சுழற்சியை ஒழிக்க இயலாது. ஆகவே அதனை நெறிப்படுத்து என்பதே அவர் கண்ட வழி.

ஆனால் வரித்துவக்குக்கு மருந்திடல் பொறுமையான வேலை. குண்டு வரிகளைக் கவ்வவேண்டுமாதலால் தளர்ந்து இருத்தல் ஆகாது. சிலர் பெரிய குண்டை வாயிலே வைத்துச் சுத்தியலாலும் இரும்புக்கோலாலும் அடித்து இறக்கினர். குண்டு நசுங்கி உருமாறியது. அதனிலும் நல்ல முறை, சற்றே சிறிய குண்டை நெய்யூட்டிய மெல்லிய தோலிலோ துணியிலோ சுற்றி இறக்குவது. துணி வரிகளைக் கவ்வும், குண்டு உருமாறாது, குழலும் துடைபடும். மருந்தை ஒவ்வொரு முறையும் ஒரே சிமிழால் அளந்திடல் வேண்டும். குண்டு மருந்தின்மேல் இடைவெளியின்றி அமர்தல் வேண்டும். இடைவெளி விட்டால் குறி கெடுவதோடு குழலும் பிளக்கும். ஒரே அளவு அழுத்தத்தோடு இடிக்கவேண்டும். கரிமருந்து வெடித்தால் அதிற் பாதிக்கு மேல் புகையாய்ப் போகாமல் அழுக்காகவே எஞ்சும். எமது உப்புக்காற்றிலே அது விரைவில் ஈரமேறிக் களியாகும். துடையாமல் அடுத்த குண்டை இறக்கினால் பாதியிலே சிக்கும். இத்தனையும் செய்து ஒரு வெடி தீர்ப்பதற்குள் மற்றவன் இரண்டு மூன்று தீர்த்துவிடுவான். எனினும் குறி தப்பாமை கைத்திறத்தால் மட்டும் வருவதன்று, ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலச் செய்வதனால் வருவது என்பதைத் தம் கணக்கினாலே நிறுவியவர் இவர்.

அதிக மருந்திட்டாற் குண்டு அதிக தூரம் போகுமென்ற மூடநம்பிக்கையையும் அவர் உடைத்தார். மிகையான வேகத்தைக் காற்று உடனே விழுங்கிவிடுகின்றதாதலால் அளவான மருந்தே போதும். கடற்படைக்குக் குறைந்த மருந்தோடு பெருங்குண்டெறியும் இலேசான பீரங்கிகளே ஏற்றவை என்றும் எழுதினார். உருண்டைக்குப் பதிலாகக் கனத்த முனை முன்னோக்கிய முட்டைவடிவக் குண்டு ஏற்றதாகலாமென்றும், வாய்வழி இடாமற் பின்புறத்தைத் திறந்து மருந்திடும் முறை நன்கு அமைந்தால் அதுவே மிகச் சிறந்ததாகுமென்றும் சொல்லிவைத்தார். வரித்துவக்கின் தன்மையை எந்த நாடு முதலில் முழுதுணர்ந்து தன் படைக்குப் பழக்குமோ அந்நாடு மற்றவற்றை எளிதில் மிஞ்சுமென்றும் எச்சரித்தார்.

அவருடைய நாட்டார் அவருக்குப் புகழைத் தந்தனர், செவியைத் தரவில்லை. றோயற் சங்கம் 1746-ஆம் ஆண்டுக்குரிய கொப்லிப் பதக்கத்தை அளித்தது. ஜேர்மனியிலே மாமேதை ஒயிலர் 1745-இலே அந்நூலை மொழிபெயர்த்து, மூலத்தினும் பன்மடங்கு பெரிய உரையையும் எழுதிச் சேர்த்தார். பின்னாளிலே பிரெஞ்சுப் பீரங்கிப்படையின் இளம் அதிகாரியாயிருந்த நெப்போலியன் அதனைப் பிரெஞ்சிற் படித்துக் குறிப்பெடுத்தான். ஆங்கிலப் படையோ பழைய தளர்குண்டோடே நூறாண்டு நின்றது. தளபதி அன்சனின் உலகம் சுற்றிய பயணத்தைப்பற்றி 1748-இலே வால்ட்டர் என்பவர் பெயரால் வெளிவந்த புகழ்பெற்ற நூலிலும் றொபின்சின் கை பெரிதென்பர்.

இவ்வேளையிலேதான் தமிழ்நாட்டின் நிகழ்ச்சிகள் அவரை இழுத்தன. 1746-இலே பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்துக்கொண்டனர். ஆங்கிலக் கும்பனியார் தேவனாம்பட்டினத்துச் செயின்ற் டேவிட் கோட்டையைத் தலைமையிடமாக்கினர். 1748-இலே ஆங்கிலத் தளபதி பொஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினான். கோட்டைக்கலை அறிந்தவர் இல்லாமையே அத்தோல்விக்குப் பெருங்காரணமென்று பேசப்பட்டது. சமாதானம் உண்டாகி, 1749-இலே சென்னை திரும்பக் கிடைத்தபோது மதில்கள் மோசமான நிலையில் இருந்தன. புதுச்சேரியிலே ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பை நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. கும்பனியார் றொபின்சைத் தலைமை எந்திரியாக நியமித்தனர். 1749-ஆம் ஆண்டு மார்கழியிறுதியிலே கப்பலேறி, 1750-ஆம் ஆண்டு ஆடிமாதம் 13-ஆந் திகதி அவர் தேவனாம்பட்டினக் கரையிலே இறங்கினார்.

இங்கே எமது மனம் சற்று நிற்கின்றது. அவர் வந்தது எம்மவரை வாழ்விக்கவன்று. அயலவர் வணிகத்துக்கு அரண் கட்டவே வந்தார். படைக்கலம் ஏந்தாத குலத்திலே பிறந்தவர், படைக்கலத்தின் நுட்பத்தைக் கண்டவர், ஈற்றிலே அதனை ஒரு கும்பனியின் ஆதிக்கத்துக்குக் கொடுத்தார். உண்மையை நாடிய அவருடைய அறிவை யாம் வணங்குகின்றோம். அவ்வறிவு போய்ச்சேர்ந்த இடத்தை வணங்க எமக்கு மனம் வரவில்லை. முகஞ் சுளித்த நண்பர்களுக்கு எம்மிடமுள்ள விடை இவ்வளவே.

வந்தவர் ஓயாது உழைத்தார். சென்னைக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் புதிய அரண்களுக்கான படங்களை வரைந்தார். நாட்டின் வெப்பம் அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. இரண்டு மாதத்துள் காய்ச்சல் கண்டது, தேறினார், மீண்டும் தளர்ந்தார். 1751-ஆம் ஆண்டு ஆடிமாதம் 29-ஆந் திகதி, தம் வயது நாற்பத்துநான்கிலே, கையிலே எழுதுகோல் பிடித்தபடியே இறந்தாரென்று வரலாற்றாசிரியர் கூறுவர். சில வாரங்களுக்குள் கிளைவு ஆற்காட்டை நோக்கிப் புறப்பட்டான். நாடு கைமாறத் தொடங்கிய கதை அது.

அவர் சொன்ன வரித்துவக்கு மெல்ல மெல்லவே படைகளுக்குள் புகுந்தது. எமது இலங்கையிலும் மலாய் வீரர் பலர் சேவித்த படைப்பிரிவொன்றுக்கு 1827-இலே இலங்கை வரித்துவக்குப் படை என்று பெயர் சூட்டப்பட்டது. 1873-இலே அது கலைக்கப்பட்டது. விரைவாகவும் இடவேண்டும், வரியையும் கவ்வவேண்டும் என்ற சிக்கலுக்கு வழிகாட்டியதும் தென்னாடே என்றொரு செய்தி உண்டு. 1820-களிலே இங்கே சேவித்த நோட்டன் என்னும் அதிகாரி, ஊதுகுழலம்பின் அடியிலே பொருத்திய நெட்டி ஊதும்போது விரிந்து குழலை அடைப்பதைக் கண்டு, அடி குடைந்த நீள்குண்டை நினைத்தாரென்பர். 1849-இலே பிரெஞ்சுக்காரர் மினியே அமைத்த குண்டு வெடியின் விசையால் அடி விரிந்து வரியைக் கவ்வியது. முனை கூர்த்த நீள்வடிவம். றொபின்சின் முட்டைக்கு அது உறவுதான்.

அக்குண்டைச் சுற்றிய கடதாசிக்கு நெய் பூசவேண்டியிருந்தது. கும்பனிப் படையிலே 1857-இலே கொடுக்கப்பட்ட என்பீல்டு துவக்கின் தோட்டாவைப் பல்லாற் கடித்துத் திறக்கவேண்டும். அதிற் பூசியது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்ற பேச்சுப் பரவியது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே கொதித்தெழுந்தனர். அவ்வெழுச்சிக்கு வேறு காரணங்கள் பலவுண்டு. ஆயினும் பொறி விழுந்த இடம் அந்நெய்யே. ஜேர்மனிய வேட்டைக்காரனின் நெய்யூட்டிய துணியை றொபின்ஸ் ஆராய்ந்து எழுதியபோது, அது ஒரு நாட்டின் வழிபாட்டையும் வாயையும் தீண்டுமென்று யார் கண்டார்?

றொபின்சின் எழுத்துக்களை அவருடைய நண்பர் வில்சன் தொகுத்து 1761-இலே இரு பாகமாக அச்சிட்டார். அதற்கு மூன்று ஆண்டின் முன்னரே, 1758-இலே, பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளிவிட்டான். கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே அதன் சிதைவுகள் சில கிடக்கின்றன.